பொங்கல் வைத்த பிறகு உடைந்த படிகம்

ஜெர்மனி, 14.11.2003

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகன்யா எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஈஸ்டுக்குள் புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் ஒரு புரதத்தின் வடிவத்தைத்தான் தேடுகிறேன். அதற்கு அந்தப் புரதம் படிகமாக வேண்டும். "வந்துடுச்சும்மா!" என்று போனில் கத்தினேனே, அந்தப் படிகம் புரதம்தானா என்று நேற்று ஊசியால் அழுத்திப் பார்த்தேன். புரதமென்றால் குழைந்திருக்கும். இது நறுக்கென்று உடைந்தது. வெறும் உப்பு! இரண்டு வருஷ உழைப்பம்மா, எரிச்சலாக வருகிறது.

நீ அதற்குள் சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்து, "எம் பொண்ணு செயிச்சிட்டா" என்று தெருவுக்கே கொடுத்திருக்கிறாய்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. உப்பைக் குறைத்துப் போடு.

லேபில் கூப்பிடுகிறார்கள். வைத்த பொங்கலைத் திருப்பி வாங்க முடியாது. இனி அம்மன்தான் எனக்கு ஒரு படிகம் தரவேண்டும். வெள்ளிக்கிழமை போய்க் கேட்டுவிட்டு வா.

சுகன்யா