சிலிகான் காயும்வரை

அத்தை,

குளியலறையிலிருந்து காடி வாசம் வருகிறது. சிலிகான் பூசினால் வருமே, உங்களுக்குக் குமட்டும் அதே வாசம். ஷவருக்குக் கீழே தரையும் சுவரும் சேரும் இடுக்கு மறுபடியும் விட்டுப்போய், தண்ணீர் கசிந்து அடுத்த அறைச் சுவர் ஊறிக்கிடக்கிறது. அந்தச் சுவரில்தான் ஸ்விட்ச் போர்டு. முந்தாநாள் உங்கள் பேத்திக்கு விர்ரென்று ஷாக் அடித்தது. ஃபியூஸைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். அவள் ஃபேன் இல்லாமல் புழுங்குகிறாள்.

நீங்கள் இருந்தபோதும் இந்த இடுக்கைச் சுரண்டிப் பூசுகிறவள் நான்தான். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்வேன். விடிவதற்குள் உள்ளே தொபுதொபுவென்று சத்தம் கேட்கும். ஓடிவந்து கத்தினால், ஈரச்சேலையோடு நின்றபடி, "ஏட்டி, உன் பசை காயுத வரைக்கும் நான் குளிக்காம அடுப்பத் தொடணுமாக்கும்?" என்பீர்கள். எத்தனை டியூப் வீணாய்ப் போனது! இந்த வீட்டில் என் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று அன்று முழுக்கப் பாத்திரத்தை உருட்டுவேன்.

இந்த முறை உங்கள் தொந்தரவு இல்லை. ஐந்து பேருக்கும் இருக்கிற ஒரே குளியலறை என்பதால், எல்லோரையும் எதிர்வீட்டு மதினியிடம் போய்க் குளிக்கச் சொல்லிவிட்டேன். "ஒரு வாளி தண்ணிக்கு ஊரையே கூட்டுதியே" என்று உங்கள் மகன் முனகினார். நேற்று மாலை பூசி முடித்து, கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டுவிட்டுப் படுத்தேன்.

இன்று காலை தூக்கக் கலக்கத்தில் அந்த நாற்காலியை நகர்த்தியது நான்தான். தலையில் இரண்டு செம்பு ஊற்றிய பிறகுதான் உறைத்தது. காலடியில் வெள்ளைப் பசை இழை இழையாகப் பெயர்ந்து கிடந்தது. சத்தம் கேட்டு வந்த மகள், "யம்மா, ஆச்சிதான் குளிக்காவளோன்னு பயந்துட்டேன்" என்றாள்.

ஆத்திரம் தாங்கவில்லை. குளிக்காமல் அடுப்பைத் தொடாதே என்று நீங்கள் என்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, அத்தை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு மறந்திருப்பேன். ஈரத்தலையோடு, உங்களைத் திட்டிக்கொண்டேதான் பாலை அடுப்பில் வைத்தேன்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடை திறந்ததும் டியூப் வாங்கி மறுபடி பூச வேண்டும். நாளைக் காலை நான் மதினி வீட்டில் குளித்துவிட்டு வரும்வரை இங்கே யாருக்கும் காப்பி கிடையாது.