கெர்டாவின் பன்றிகளும் என் எருக்குழியும்

திருத்துறைப்பூண்டி,
ஐப்பசி 12

அன்புள்ள எழில்மொழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி பரிதியும் பதினோரு மாடுகளும் சுகம். அங்கே நீ சுகமா, டென்மார்க்கில் நீ வேலை பார்க்கிற பண்ணையின் பன்றிகள் அத்தனையும் சுகமா, முதலாளியம்மா கெர்டா சுகமா என்று எழுது. அவர்களையும் சேர்த்து விசாரித்தால்தானே உனக்குப் பதில் எழுதக் கை வரும்.

மூன்று நாளாக அடைமழை. சம்பா நட்டு இருபது நாள்கூட ஆகவில்லை, வடக்கு வயலில் தண்ணீர் வடியவே இல்லை, அப்பா மண்வெட்டியும் கையுமாக வரப்பிலேயே நிற்கிறார், சளி பிடித்திருக்கிறது, சொன்னால் கேட்கிறாரா. செவலை மாடு இன்றைக்கோ நாளைக்கோ கன்று போட்டுவிடும். இதெல்லாம் உனக்குத் தெரியாது, நீ கேட்கவில்லை. ஒரு மாதமாக நீ பேசுவதெல்லாம் அந்தச் சட்டம்தான். ஆலைப் புகைக்குப் போட்ட கட்டுப்பாடு பண்ணை வாடைக்கும் உண்டாம், இதுவரை மிகப் பெரிய பண்ணைகளுக்கு மட்டும் இருந்ததாம், இனிமேல் கெர்டா பண்ணை மாதிரி நடுத்தரமானதுக்கும் வருமாம், சாணத் தொட்டியிலிருந்து கிளம்பும் அம்மோனியாவைக் குறைக்க வழி காட்டாவிட்டால் பன்றிகளைப் பாதியாகக் குறைக்கச் சொல்வார்களாம். அதற்குத் திட்டம் எழுதி முடிக்கிற வரைக்கும் நகர முடியாது, பொங்கலுக்கு வருவது சந்தேகம் என்றாய். போன மழையில் நம் கொட்டகைக் கூரை பறந்தபோது, பரிதி பார்த்துக்கொள்வான் என்று ஒரு வரி அனுப்பியவள் நீதானே. அந்தக் காலத்தில் டென்மார்க் ஆட்கள் தரங்கம்பாடிக்கு வந்து கோட்டை கட்டினார்கள், போகட்டும், கோட்டையோடு விட்டார்கள். இந்தக் கெர்டா என் பெண்ணையே எடுத்துக்கொண்டாள். நீ அவள் தோளில் கை போட்டு நிற்கிற படத்துக்குக் கீழே "என் டென்மார்க் அம்மா" என்று போட்டிருந்தாயே, அதைப் பரிதி படித்துக் காட்டினான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான், வேறென்ன.

போன ஞாயிற்றுக்கிழமை, நம் எருக்குழி மழையிலும் நாறுவதில்லையே, அது எப்படி என்று கெர்டா கேட்கச் சொன்னதாகக் கேட்டாய். டவர் இல்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று வைத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது. பெண்ணையும் கொடுத்துவிட்டு வித்தையையும் கொடுப்பேனா என்று இருந்தது. அப்பா பக்கத்தில்தான் இருந்தார். "நீ சொல்லாம விட்டா கெர்டாவுக்கா நட்டம்? வேலை முடியாது, பொண்ணு வராது, அப்புறம் நீதான் உக்காந்து அழுவ" என்றார். நான்கு நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி.

அதனால் எழுதுகிறேன், கேட்டுக்கொள். குறுவை வைக்கோல் மழையில் நனைந்து கறுத்துப்போய் மாட்டுக்கு ஆகாமல் கிடக்குமே, அதைத்தான் குழி மேல் ஒரு முழ உயரத்துக்குப் பரப்புகிறேன். பரப்பிய பிறகு கிளறக்கூடாது. அள்ளுகிற அன்றுதான் திறக்க வேண்டும், புதுச் சாணத்தையும் ஓரமாக வைக்கோலுக்கு அடியில்தான் தள்ள வேண்டும். உங்கள் தொட்டி கூழாக இருக்கும் என்றாயே, கோதுமை வைக்கோலை நறுக்கி மிதக்கவிட்டுப் பாருங்கள், ஏடு கட்டினால் வாடை அடங்கும். அளந்து பார்க்கிற அதிகாரி ஒத்துக்கொள்வாரா என்று முதலில் கேட்டுக்கொள். போனில் சொன்னால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் தாளில் எழுதி, படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பரிதியிடம் கொடுக்கிறேன். அவன் படித்துவிட்டுச் சிரிப்பான், சிரிக்கட்டும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. வேளைக்குச் சாப்பிடு. நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு. கெர்டா பண்ணையும் நன்றாக இருக்கட்டும், மனசாரத்தான் சொல்கிறேன். மறந்துவிடாதே, வைக்கோல் யோசனை யாருடையது என்று திட்டத்தில் என் பெயரைப் போடு. தைக்கு வந்து சேர். அவளைக் கெர்டா என்று பெயர் சொல்லியே கூப்பிடு.

இப்படிக்கு,
உனக்கு இருக்கிற ஒரே அம்மா,
நீலாம்பாள்