ஒரு மாத்திரை போதாமல் போனபோது

முந்தின நாள், வலி மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாக விழுங்கிய கணவரிடம், "இது வலியில்ல, பழக்கம்" என்று தையல்காரி சொல்லிவிட்டாள். விபத்தில் முதுகெலும்பு நொறுங்கிய லாரி ஓட்டுநர் அவர். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் அவர் எழுமுன் டாக்டருக்குப் போன் செய்தாள். பிறகு தையல் கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் காலண்டர் தாளின் பின்புறம் எழுதினாள்:

"ஏங்க, சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. குழாய் ரிப்பேர்காரர் வருவார், கதவைத் தாழ் போடாதீங்க. டாக்டர்கிட்ட பேசினேன். ரொம்ப நாள் போட்டா உடம்பு அந்த மருந்துக்குப் பழகிடுமாம். அப்புறம் அதே அளவு முன்ன மாதிரி வேலை செய்யாதாம். உங்க வீட்டுக்காரர் ஆசைப்பட்டு அளவைக் கூட்டுறதா நினைக்காதீங்கன்னு எனக்குத்தான் திட்டு. ஆனா நாமளா கூட்டினா ஆபத்து, சட்டுனு நிறுத்தறதும் கூடாதாம். சாயங்காலம் நம்மள வரச் சொன்னார். அதுவரைக்கும் அவர் எழுதிக் கொடுத்த அளவு மட்டும் போடுங்க."

செருப்பை மாட்டிய பிறகு திரும்பி வந்து, அடியில் நுணுக்கி எழுதினாள்: "நேத்து நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க."

மாலையில் அவள் வந்தபோது அவர் சட்டை மாற்றிக்கொண்டு நாற்காலியில் காத்திருந்தார். தாளை நீட்டினார். மிச்சமிருந்த ஓரத்தில் கோணல் எழுத்தில் இருந்தது:

"ஒண்ணுதான் போட்டேன். தாங்க முடியல. டாக்டர் ரூமுக்குள்ள நீயும் வா. வலிக்குதுன்னு நான் சொன்னா யாரும் நம்புறதில்ல."