கால் அறியாத தரை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், பின்பாதியை மனசார எழுதுகிறேன், முன்பாதிக்குக் கை வரவில்லை. போனில் சொல்லக் கூடாதா என்று நீ கேட்பாய். எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் அம்மா காதில் விழுந்துவிடும், கண் போன பிறகு அவள் காது அவ்வளவு கூர்மை, போதாததற்கு உன் அண்ணன் வேறு பக்கத்திலேயே நிற்கிறான். அதனால்தான் நீ கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம் என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் இடுப்பு எலும்பு கூடிவிட்டது, அது உண்மை. மற்றதெல்லாம் பொய்.

பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, ஒருநாள் முழுதாகப் போய்விடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதானே நீ இந்த வீட்டுக்குப் படம் போட்டுக் கொண்டுவந்து விரித்தாய். அடுப்படிக்குக் கொத்திய கருங்கல், கூடத்துக்குச் சுட்ட மண் ஓடு, படுக்கையறைக்கு வழவழவென்று சிவப்புத் தரை, குளியலறை வாசலில் கூழாங்கல். காலமெல்லாம் பஸ் ஓட்டி முதுகு ஒடிந்தவன் நான், ரோட்டில் பட்ட மேடு பள்ளம் போதாதா, வீட்டுக்குள்ளேயும் வேணுமா என்று உன்னைக் கிண்டல் செய்தேன். இது உங்களுக்கு இல்லப்பா, அம்மா காலுக்கு என்றாய் நீ. அஸ்திவாரம் தோண்டிய மண்ணையே கல்லாக அறுத்துச் சுவர் எழுப்பிச் சுண்ணாம்பு பூசினாய், நடுவில் வானம் தெரிகிற மாதிரி முற்றம் விட்டு, கூரைத் தண்ணீர் சங்கிலி வழியாகத் தொட்டியில் இறங்க வழி செய்தாய், அடுப்படி ஜன்னலுக்குக் கீழே புதினா வைத்தாய், படுக்கையறை ஜன்னலுக்கு எலுமிச்சை. கண் முழுதாகப் போன பிறகும் உன் அம்மா வெறுங்காலோடு, சுவரைத் தடவாமல், வீடு முழுக்க நடந்தாள். கரண்ட் போனால் நான்தான் எதிலாவது முட்டிக்கொள்வேன், அவள் வந்து கையைப் பிடித்து, வாங்க, உங்களுக்குத்தான் கண்ணு தெரியல என்று கூட்டிக்கொண்டு போவாள். அந்தக் காலத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன், அப்போது அது தெரியவில்லை.

அம்மா விழுந்தது வீட்டில் இல்லை, கண் ஆஸ்பத்திரியின் கண்ணாடி மாதிரி மின்னுகிற தரையில் என்பது உனக்குத் தெரியும். இடுப்பு ஆபரேஷன் முடிந்து நான் அவள் கட்டில் பக்கத்திலேயே கிடந்தேன். வாக்கர் வைத்துத்தான் நடக்க வேண்டும், வீட்டில் தரை சமமாக இருக்கட்டும் என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார், உன் அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டான். வீட்டில் சின்ன வேலை ஒன்று நடக்கிறது, வந்து பாருங்க என்றான். வந்து பார்த்தால் வாசலிலிருந்து பின்கட்டு வரை ஒரே டைல்ஸ். தூசியும் கொசுவும் வரக் கூடாதென்று முற்றத்துக்கு மேலே கண்ணாடிக் கூரை, ஏசி வைத்து ஜன்னலெல்லாம் அடைப்பு, சுண்ணாம்புச் சுவருக்குப் பளபளவென்று பெயிண்ட். லீவு போட்டு, ஆட்களோடு நின்று, தூங்காமல் செய்திருக்கிறான். முகமெல்லாம் பூரிப்பு. அம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்து, எப்படிம்மா இருக்கு என்று கேட்டான்.

அவள் நின்றாள். ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்துத் தரையில் தேய்த்துப் பார்த்துத் திரும்ப நுழைத்தாள், அப்புறம் மற்ற காலை. மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு, ரொம்ப நல்லாருக்குப்பா உங்க வீடு, எங்களை எங்க வீட்டுல கொண்டுபோய் விட்டுடு என்றாள். வழக்கமான குசும்பு என்று உன் அண்ணன் சிரித்தான், அண்ணியும் சிரித்தாள், நானும் சிரித்துவைத்தேன். அது குசும்பு இல்லை என்பது அன்றைக்கே எங்கள் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அவளுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது, அப்படி ஏதும் நினைத்துவிடாதே. நம்ம வீடுதான்னு எனக்குத் தெரியுதுங்க, காலுக்குத் தெரியலையே என்கிறாள். குளியலறைக்குப் போக எழுந்து கூடத்து நடுவில் திக்குத் தெரியாமல் நின்று, என்னங்க என்று கூப்பிட்டாள் ஒருநாள். அந்தக் குரலை நான் இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. அன்றிலிருந்து அவளாக எழுந்திருப்பதே இல்லை. நடக்காவிட்டால் கால் இறுகிவிடும், அப்புறம் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மழை பெய்தது போன வாரம். பெய்யுதுங்க என்று நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

கயிற்றுப் பாய் வாங்கி வழி நெடுக ஒட்டிப் பார்த்தேன், வாக்கர் அதில் மாட்டிக்கொண்டு அவள் விழப் பார்த்தாள். பொறுக்க முடியாமல் ஒரு மத்தியானம் சுத்தியலும் உளியும் எடுத்து அடுப்படி வாசலில் ஒரு டைல்ஸை உடைத்தேன், அடியில் உன் கருங்கல் இருக்கும் என்ற நம்பிக்கையில். இல்லையம்மா. வெறும் சிமெண்ட். கல்லையெல்லாம் பெயர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். சத்தம் கேட்டு உன் அண்ணன் ஓடிவந்தான், என் கையிலிருந்து சுத்தியலை வாங்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து, நல்லதுன்னுதானேப்பா செஞ்சேன் என்று சின்னப் பிள்ளையாட்டம் அழுதான். இதைப் படித்த கையோடு அவனுக்குப் போன் போட்டுச் சண்டைக்குப் போகாதே. அவன் சரியாகச் சாப்பிடுவது கூட இல்லை. பெயிண்ட் அடித்த சுவர் மூச்சு விட வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாக உப்பி வருகிறது, அதன் முன்னால் போய்ப் போய் நிற்கிறான்.

நேற்று அவளுக்குத் தலை வாரிவிடும்போது, நம்ம வீட்டுக்கு எப்போங்க போறோம் என்று மெதுவாகக் கேட்டாள். சின்னவ வரட்டும், வந்ததும் போயிடலாம் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் உன் பேரில் வாக்குக் கொடுத்துவிட்டேன். அதைக் கேட்ட பிறகுதான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள். உன் வேலை, லீவு கிடைக்காத கஷ்டம் எல்லாம் எனக்குத் தெரியும். முழு வீட்டையும் திருப்பிக் கேட்கவில்லை. கட்டிலிலிருந்து அடுப்படி வரைக்கும் அவள் காலுக்குத் தெரிகிற மாதிரி ஒரு வழி போட்டுக் கொடு, அந்தக் கண்ணாடிக் கூரையைக் கழற்று, அது போதும். ஆட்களை அமர்த்தி அண்ணனே செய்வான், ஆனால் எது எங்கே என்று நீதான் வந்து நிற்க வேண்டும். தாமதம் செய்தால் வழி இருக்கும், நடக்கக் கால் இருக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடாமல் அலையாதே. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. வரும்போது எதுவும் வாங்கி வர வேண்டாம், முக்கியமாக அம்மாவுக்குச் செருப்பு வேண்டாம். வீட்டுக்குள் செருப்பே போடாத உன் அம்மா, ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட ரப்பர் செருப்பைக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போதுகூட இன்னும் கழற்றவில்லை.

இப்படிக்கு,
உன் வரவைச் சொல்லி அவளைச் சாப்பிட வைத்துக்கொண்டிருக்கும்
அப்பா