தகட்டின் தடம்

மார்ச் 3, ஞாயிறு

ஹார்ட்ஃபோர்ட் எட்சிங் சேகரிப்போர் சங்கக் கூட்டம், ஆரின் டட்டில் வீட்டில். செப்புத் தகட்டில் கீறி அச்சடித்த பழைய படங்களுக்கென்று மொத்தச் சங்கமும் ஏழு பேர். படத்தைத் தொடுமுன் எல்லோரும் கை கழுவ வேண்டும். கொதிகலன் பழுதுபார்க்கும் என் கையை மட்டும் ஆரின் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். நியாயம்தான். பள்ளியைப் பாதியில் விட்டவன் கையில் நூறு வருஷத்துக் காகிதம்!

படகுத்துறைப் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துச் சுற்றுக்கு விட்டார். கல்யாணத்துக்கு அவர் மனைவி லியோனா கொடுத்தது. அவள் இறந்து நாலு மாதம். கையால் செய்த காகிதம்தான், ஓரமெல்லாம் பிசிறு. ஆனால் படத்தைச் சுற்றி விரலை ஓட்டினால், அசலில் செப்புத் தகடு அழுத்திப் பதிந்திருக்கும் பள்ளத்தைக் காணோம். மொழுமொழுவென்று இருந்தது. பூதக்கண்ணாடி என் வீட்டில். சும்மா இருந்திருக்கலாம்.

"இது போட்டோ நகல், ஆரின். லியோனா உங்கள நல்லாத்தான் ஏமாத்தியிருக்கா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆரினும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

மார்ச் 4

நானே சொல்லிக்கொள்கிறேன்: நல்ல ஜோக்தான்.

மார்ச் 9, சனி

ஆரின் போன் செய்தார். அந்தப் படம் வாங்கக் காசு சேர்க்க இரண்டு குளிர்காலம் கிழிந்த பூட்ஸோடு ஓட்டியதாக லியோனா சொல்லியிருந்தாளாம். "நாப்பத்தோரு வருஷம், லைல். அது பொய்னா, வேற என்னென்ன சொல்லியிருப்பா?" நான் பனிப்பொழிவைப் பற்றிப் பேசினேன்.

மார்ச் 17, ஞாயிறு

மகள் தியா சாப்பிட வந்தாள். அருங்காட்சியகத்தில் பழைய காகிதங்களைச் சரிசெய்கிறவள். என் பிரதாபத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை. படத்தின் பின்னால் அட்டை ஒட்டியிருந்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"ஈரம் பண்ணி அழுத்தி ஒட்டினா பள்ளம் மறைஞ்சே போயிடும்ப்பா. கண்ணாடில பாத்தீங்களா? புள்ளியா, கோடா?"

கண்ணாடி கொண்டுபோகவில்லை என்றேன்.

"வெறும் விரல வெச்சு ஒரு பொம்பளைய பொய்க்காரி ஆக்கிட்டீங்க."

உருளைக்கிழங்கு ஆறிப்போயிற்று. எனக்குப் பசிதான், என்ன மனுஷனோ.

மார்ச் 18

வேலைக்குப் போகாமல் கண்ணாடியோடு ஆரின் வீட்டுக்கு ஓடினேன். படம் இல்லை. கிழித்துக் கணப்பில் போட்டுவிட்டார். ஒரு துண்டு மட்டும் காபிக் கோப்பைக்கு அடியில். லியோனாவின் துணிமணியெல்லாம் பெட்டி பெட்டியாக வாசலருகே.

துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். நகல் என்றால் புள்ளி தெரியும். ஒரு புள்ளி இல்லை. மை மேடிட்ட கோடுகள், முடி மாதிரி. அசல்.

"என்ன தெரியுது?" என்றார்.

சொன்னால், எரித்தது எதை என்று அவருக்குத் தெரிந்துவிடும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் — என் மானம்தானே?

"புள்ளிதான்" என்றேன்.

தோளில் தட்டினார். "நீ ஒருத்தன்தான்டா எங்கிட்ட உண்மை பேசினவன்."

ஏப்ரல் 7, ஞாயிறு

கூட்டம் என் வீட்டில். தியா உதவிக்கு வந்திருந்தாள்; துண்டில் இருந்தது கோடுகள்தான் என்று அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். ஆரின் நல்ல உற்சாகம். லியோனா ஏமாற்றிய கதையை அவரே சொன்னார், பூட்ஸ் உட்பட. அவள் நடையைக்கூட நடந்து காட்டினார். வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"எத்தன புள்ளி இருந்துச்சு, சொல்லு லைல்."

சமையலறையில் தியா குழாயை மூடுவது கேட்டது.

"ஆயிரம் இருக்கும்" என்றேன்.

அவர்கள் போன பிறகு உள்ளே போனேன். தட்டுகள் பாதி கழுவினபடி. பின்கதவு திறந்திருந்தது.