குவாரியைச் சுற்றி வந்தவர்கள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அக்காவும் நன்றாக இருக்கிறோம், அக்கா மகள் வாலு கதவு நிலையில் தலை இடிக்கிற உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்பித்தான் இதை ஆரம்பிக்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அக்கா பக்கத்தில் வந்து நிற்பாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் என் வேலை வழக்கம்போல் போகிறது. புதிதாக வந்திருக்கும் மேற்பார்வையாளர் விரிப்பு மடிப்பது எப்படி என்று எனக்கே பாடம் எடுக்கிறார், நானும் முப்பது வருஷமாக மடித்தும் தெரியாதவள்போல் தலையாட்டி வைக்கிறேன். சிரிப்பாகத்தான் இருந்தது, போன வாரம் வரைக்கும். மூன்றாவது அலசல் தொட்டி நிறைவதற்குள் எப்போதும் இருபது விரிப்பு மடித்து முடிப்பேன். போன செவ்வாய்க்கிழமை முப்பத்தெட்டு மடித்த பிறகும் தொட்டி பாதிதான். குழாய் முழுசாகத் திறந்துதான் இருந்தது. வேலை முடிந்ததும் வீட்டுக்குக்கூட வராமல் மலைமேல் ஏறிவிட்டேன்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன், மறந்திருந்தால் நினைவு வரட்டும். மேலே இருக்கும் ஏழு ஊற்றுக்கண்களில் ஆறு எல்லாருக்கும் தெரியும், வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் குழாய் வருவது அவற்றிலிருந்து. ஏழாவதை யாரும் தொடக்கூடாது. அதன் ஈரம் அடியில் இறங்கித்தான் மற்ற ஆறும் பிழைக்கின்றன. அது இருக்கும் இடத்தை நம் ஆட்கள் எந்தக் காலத்திலும் எழுதியதில்லை, வரைந்ததில்லை. காவல் பார்ப்பவர் அடுத்துப் பார்க்கப்போகிறவரை ஒரே ஒரு முறை கூட்டிக்கொண்டு நடப்பார், அவ்வளவுதான். என்னை என் மாமா கூட்டிப்போனார். உனக்குப் பதினாலு வயதில் நான் உன்னைக் கூட்டிப்போனேன். நீ வெளியூரோடு போய்விட்டதால் இந்த மாதம் வாலுவை அழைத்துப்போக இருந்தேன், அவளும் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். மாமாவும் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த இடம் தெரிந்தவர்கள் என்று இருந்தது நீயும் நானும்தான்.

அங்கே போக நேர்வழி பாறை ஏற்றம். காவல் பார்த்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் போனார்கள். உன்னை அழைத்துப்போன அன்றைக்கு மட்டும் எனக்குக் கணுக்கால் பிசகிக் கட்டுப் போட்டிருந்தது. பாறை ஏற முடியாமல், பாழாய்க் கிடக்கும் குவாரியைச் சுற்றி, வேலிக் கம்பிக்கு அடியில் குனிந்து, நொண்டி நொண்டிப் போனோம், நீ என்னைக் கேலி செய்துகொண்டே வந்தாய். அந்த வழியாக அங்கே போனது நாம் இரண்டு பேர் மட்டும்தான், அதுவும் அந்த ஒரு நாள்தான். செவ்வாய்க்கிழமை நான் மரத்தின் பின்னால் நின்று பார்த்தபோது, மூன்று ஆட்கள் குழாய்களைத் தூக்கிக்கொண்டு குவாரியைச் சுற்றி வந்தார்கள். அதே கம்பிக்கு அடியில் குனிந்தார்கள். ஒருவன் கையிலிருந்த தாளைப் பார்த்து இடது பக்கம் திரும்பச் சொன்னான். ஏழாவது கண்ணின் தலைமாட்டில் ஏற்கெனவே சிவப்பு முளை அடித்து, சோதனைக்காகச் சின்னதாய் ஒரு துளையும் போட்டிருந்தார்கள். ஒரு சத்தம் போட்டிருக்கலாம், போடாமல் இறங்கி வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர்க் குழுத் தலைவர், நம் தச்சர்தான், பள்ளிக்கூட அறையில் எல்லாரையும் கூப்பிட்டார். பெரியவர்கள் எல்லாரும் குழந்தைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். துளை போட்ட செய்தி அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது, இடத்தைச் சொன்னது யார் என்று கேட்டார். அக்கா என் காதோரம் குனிந்து, தம்பியா இருக்குமோம்மா என்றாள். அவள் வாயை மூடுவதற்குள் நான் எழுந்து, நான்தான் சொன்னேன், வந்தவங்க கேட்டாங்க, வாய் தவறிச் சொல்லிட்டேன் என்று சொல்லிவிட்டேன். தச்சர் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். நீயா என்று மட்டும் கேட்டார். யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. காவலை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள், என்னிடம் இருந்த ஊர்த் தண்ணீர்த் தொட்டியறைச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். வாலு நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் வந்து, எனக்கே இன்னும் சொல்லலை, யாரோ வந்தவங்ககிட்ட எப்படிப் பாட்டி சொன்னீங்க என்று கேட்டாள்.

என் பிள்ளை வரைபட ஆபீஸில் வேலை பார்க்கிறான் என்று இங்கே தம்பட்டம் அடித்தவள் நான். யாரோ உன்னிடம் அன்பாகக் கேட்டிருப்பார்கள், நீயும் சின்ன வயசுக் கதையாகச் சொல்லி, பேச்சுவாக்கில் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டியிருப்பாய். இப்படி எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன், ஆனாலும் பயம் தீரவில்லை. ஆழமாகத் துளை போடும் பெரிய இயந்திரம் இருபத்தெட்டாம் தேதி வரப்போகிறதாம். அது இறங்கினால் ஆறு கண்ணும் வற்றும், அப்புறம் வாலுவை யார் அழைத்துப்போனாலும் காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. நான் செத்துப்போவதற்குக்கூட இவ்வளவு பயந்ததில்லை. அந்தத் தாள் உன் கையால் போனதென்றால், அந்த இடத்தில் தோண்டக்கூடாது, ஏன் கூடாது என்று உன் கையாலேயே எழுதி, கொடுக்கவேண்டியவர்களிடம் கொடு. வேலை போனால் போகட்டும், இங்கே படுக்க இடம் இருக்கிறது. நீ இல்லை என்றால், யார் என்று விசாரி. எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அதை மட்டும் செய்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும், அம்மாவின் ஆசி உனக்கு என்றைக்கும் உண்டு. மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள். ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே. அம்மாவைப் பார்க்கவேண்டும் என்று அவசரப்பட்டு இப்போது கிளம்பி வந்துவிடாதே. தப்பு செய்துவிட்டு முகத்தை மறைக்க உனக்குச் சின்ன வயசிலிருந்தே வராது. ஊருக்குத் தெரிந்துவிடும். எனக்கும் தெரிந்துவிடும்.

உன் அம்மா