என் நடை மட்டும் தெரிந்த கற்றை

6 மே 2025, ஆஹென்

காலையிலிருந்து மழை. ஆய்வு மண்டபத்தில் ஃபோனைப் பிடித்தபடி நாள் முழுக்க நடை. கால் உளைகிறது, மனம் மட்டும் நல்ல நிறைவு. என் நிரல் இன்று ஒருமுறைகூடத் தவறவில்லை.

"நீ அங்க என்னதான் செய்யிறாய், தேனு?" என்று அம்மா ஃபோனில் கேட்டா. விளக்கினேன். ஃபோனுக்கு வேக இணையம் கொண்டுவரும் இந்தப் புது அலைகள் எங்கும் பரவாது, டோர்ச் வெளிச்சம்போல ஒடுங்கிய கற்றையாகத்தான் வரும். ஆள் நகர்ந்தால் கற்றையையும் திருப்ப வேண்டும். ஒவ்வொரு திசையாகத் தேடிக்கொண்டிருந்தால் வீடியோ நின்றுவிடும். ஆள் அடுத்து எங்கே திரும்புவார் என்று என் நிரல் முதலே ஊகித்துச் சொல்லும்.

"அப்ப ஆளைப் பாத்துத் திருப்ப வேண்டியதுதானே. இதுக்கு ஏன் மூண்டு வருசம்?"

அம்மாவை எங்கள் பேராசிரியருக்கு அறிமுகப்படுத்தவே கூடாது.

13 மே

பக்கத்து மேசை யோனாஸ் சும்மா ஃபோனை வாங்கிக்கொண்டு நடந்தான். பத்தடியில் இணைப்பு போய்விட்டது. மறுபடியும் நடந்தான், மறுபடியும் போனது. ஜூன் கடைசியில் பிராங்பேர்ட்டில், பணம் தரும் நிறுவனத்தின் முன்னால் இதைக் காட்ட வேண்டும். அங்கே சொதப்பினால் செப்டம்பரோடு திட்டம் முடிந்தது. என் வேலையும்தான்.

14 மே

பிழை தெரிந்துவிட்டது. நான் இடக்கைக்காரி, குட்டை. யோனாஸ் நெட்டை, ஃபோன் வலக்கையில். அவனுடைய உடம்பு கற்றையை வேறு பக்கத்தில் மறைக்கிறது. நிரல் படித்ததோ என் நடையை மட்டும். நான் ஒருத்தியே நடந்து நடந்து சேர்த்த தரவு!

"ஏன் எங்களில் ஒருவரையும் நடக்கக் கூப்பிடவில்லை?" என்றான். கோபமில்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டான்.

"ஆக்களுக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாது" என்பது அப்பாவின் வேதம். சலவை இயந்திரத்தை மூன்றாம் மாடிக்கு அவரும் அம்மாவும் மட்டுமே தூக்கி ஏற்றியவர்கள். நான் அந்த வீட்டுப் பிள்ளை.

16 மே

என்னால் தனிய ஏலாது. சரி, டயரியிலாவது ஒத்துக்கொண்டாயிற்று.

18 மே

யோனாஸிடம் கேட்டேன். உடனே ஓம் என்றான், இன்னும் நாலு பேரையும் பிடித்துத் தந்தான். எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த நெட்டைப் பெடியன்கள்! குட்டை, பருமன், வயதானவர்கள், சேலை உடுத்தவர்கள், இப்படிப் பலவிதமான ஆட்கள் வேண்டும். அப்பாவிடம் ஃபோனில் புலம்பினேன். "சரி, பாப்பம்" என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். கோபமோ?

24 மே, சனி

மண்டப வாசலில் அப்பா. அவருக்குப் பின்னால் அவர்கள் இருக்கும் டியூரன் ஊர்த் தமிழாக்களில் பாதிப் பேர். அம்மாவின் கையில் ஒரு தட்டு மட்டன் ரோல்ஸ்.

நவரத்தினம் அண்ணை ஊன்றுகோலோடு நடந்தார். நேசமலர் அக்கா ஒரு கையில் என் ஃபோன், மறு கையில் தன் ஃபோன். கனடாவில் இருக்கும் தங்கச்சியோடு கதைத்துக்கொண்டே நடந்தா, நின்றா, சடாரென்று திரும்பினா.

"அக்கா, நேரா நடவுங்கோ!"

"நான் எப்பவும் இப்பிடித்தான் நடக்கிறனான்."

அதுதானே எனக்கு வேண்டியது. பதிவை அப்படியே ஓடவிட்டேன்.

ரோல்ஸை நீட்டும்போது அம்மா மெல்லச் சொன்னா: "அப்பாதான் ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபோன் அடிச்சுக் கேட்டவர். ரெண்டு நாளா முகமெல்லாம் சிவந்துபோய்."

தனக்கென்று ஒருநாளும் ஒருவரிடமும் எதுவும் கேட்காத மனிசன். எனக்காகக் கேட்டிருக்கிறார். கழிவறைக்குள் போய் அழுதேன். சந்தோசத்தில்தான்.

27 ஜூன், பிராங்பேர்ட்

பணம் தரும் நிறுவனத்திலிருந்து வந்த பெண்மணி ஃபோனை வலக்கையில் வாங்கினா. நடந்தா. பாதி வழியில் ஏதோ கேட்க சடாரென்று திரும்பினா. என் உயிர் ஒருகணம் போய் வந்தது. வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது!

நேசமலர் அக்கா, நீங்கள் நல்லாயிருக்க வேண்டும்.

8 ஜூலை

இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம். கட்டுரையின் நன்றிப் பகுதியில் நடந்த எல்லாருடைய பெயரையும் போட்டேன். "இவ்வளவு பேரா?" என்றார் பேராசிரியர். ஒன்றையும் வெட்டவில்லை. அப்பாவின் பெயர் முதலாவது.

19 ஜூலை

காலையில் அப்பாவின் ஃபோன். வழக்கமான சுகம் விசாரிப்பு, மழை, தக்காளி விலை. வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். தொண்டையைச் செருமினார்.

"புதுச் சோபா ஒண்டு வருது பிள்ளை. மூண்டாம் மாடி எல்லே… ஏத்தித் தர வருவாரோ எண்டு உன்ர அந்த நெட்டைப் பெடியனை ஒருக்காக் கேக்கிறியே?"